இறங்கிய எண்ணை நான் எழுதவில்லை

2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதுவதற்கான வாய்ப்பு 3.1 சதவீதம் என்று 2025 பிப்ரவரி 18-ல் நாசா அறிவித்தது. அன்று இரவே அதைச் செய்தியாக எழுதினேன். தலைப்பில் இந்தியாவின் பெயரைச் சேர்த்தேன். மோதுவதாக இருந்தால் எங்கெல்லாம் விழக்கூடும் என்று வரைந்திருந்த பாதை கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி, தென்னமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்டிருந்தது. அதன் கடைசித் துண்டை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அதே மாதம் 24-ம் தேதி அந்த வாய்ப்பு 0.004 சதவீதத்துக்கு விழுந்துவிட்டது. அதை நான் எழுதவில்லை.

கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த அறிவிப்பு என் கணினித் திரையில் இருந்தது. முழுவதும் படித்தேன். இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்து மூடிவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போனேன்.

நான் அறிவியல் செய்தி எழுதிப் பிழைப்பவன். நாளிதழ், வார இதழ், இணையதளம், யூடியூப் சேனல் என்று இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறேன். எங்கே இருந்தாலும் பூமிக்கு அருகே வரும் சிறுகோள் என்றால் அந்தச் செய்தி என் மேசைக்குத்தான் வரும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் செய்துவந்தது இதுதான்: எண் ஏறும்போது எழுதினேன், இறங்கும்போது வாய்மூடி இருந்தேன். எழுதிய எண் ஒவ்வொன்றும் சரியான எண். ஆனால் பாதியைச் சொல்லி நிறுத்தியதால் சொன்ன பாதியும் பொய்யாகிவிட்டது. இது எனக்கு அப்போதே தெரியும்.

எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக ஒரு சிறுகோள் கண்ணில் படும்போது வானியலாளர்கள் கையில் இருப்பது சில இரவுகளில் எடுத்த படங்கள் மட்டும். அந்தச் சிறு துண்டுப் பாதையை வைத்து ஏழெட்டு ஆண்டு கழித்து அது எங்கே இருக்கும் என்று கணக்கிட்டால் ஒரு புள்ளி கிடைக்காது. மிக நீளமான ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டில் எந்த இடத்திலும் அது இருக்கலாம். பூமியும் அந்தக் கோட்டின் மேல் எங்கோ ஓரிடத்தில் இருந்தால், கோட்டின் மொத்த நீளத்தில் பூமி அடைத்துக்கொள்ளும் பங்குதான் ஏறத்தாழ மோதும் வாய்ப்பு. மேலும் படங்கள் வர வரக் கோடு சுருங்கும். பூமி சுருங்காது. எனவே கோட்டுக்குள் பூமி இருக்கும் வரை அதன் பங்கு கூடிக்கொண்டேதான் போகும். பிறகு ஒருநாள் கோட்டின் ஒரு முனை பூமியைத் தாண்டி நகர்ந்துவிடும். அன்று வாய்ப்பு தடாலென்று விழும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்துக்குள் நூறு ஓலைகள். ஒன்றில் மட்டும் பூமியின் பெயர். மற்ற ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போடப் போட, உள்ளே மிஞ்சியதில் பூமியின் பங்கு கூடுகிறது. நூற்றில் ஒன்று, ஐம்பதில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று. இத்தனை நேரமும் குடம் காலியாகிக்கொண்டு வருகிறதே தவிர ஆபத்து நெருங்கி வரவில்லை. அடுத்து விடும் கைக்குப் பூமியின் ஓலையே அகப்பட்டு வெளியே போய்விடலாம். ஒய்ஆர்4 விஷயத்தில் அந்தப் பிப்ரவரியில் நடந்தது அதுதான்.

இதை எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கட்டுரைக்காகத் தொலைபேசியில் கேட்டபோது, என் அவசரத்தைப் பொருட்படுத்தாமல் நிதானமாக விளக்கினார். அந்த விளக்கத்தை ஒரு பத்தியாக எழுதவும் செய்தேன். பக்கத்தில் இடம் போதவில்லை என்றதும் முதலில் வெட்டியது அந்தப் பத்தியைத்தான். அதற்குப் பிறகு எந்தக் கட்டுரையிலும் அதை எழுதியதே இல்லை. அந்த ஒரு பத்தி இருந்தால் கட்டுரையின் தலைப்பு நிற்காது.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடினால் 2004 டிசம்பருக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜூன் 19-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிட் பீக் மலையிலிருந்து ராய் டக்கர், டேவிட் தோலன், ஃபாப்ரிசியோ பெர்னார்டி என்ற மூவர் ஒரு சிறுகோளைக் கண்டார்கள். பிறகு அது பார்வையிலிருந்து தப்பிவிட்டது. டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து மறுபடி அகப்பட்டது. 2004 எம்என்4 என்பது தற்காலிகப் பெயர். 2029 ஏப்ரல் 13 அன்று அது மோதும் வாய்ப்பு 1.6 சதவீதம் என்று டிசம்பர் 24-ல் கணக்கு வந்தது. மோதல் ஆபத்தை 0 முதல் 10 வரை குறிக்கும் டொரினோ அளவுகோலில் அதற்கு 4 கொடுத்தார்கள். அதற்கு முன்போ பின்போ வேறெந்தச் சிறுகோளும் 4-ஐத் தொட்டதில்லை, ஒய்ஆர்4 கூட 3-ல் நின்றுவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் உலகின் பல மூலைகளில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 27-ம் தேதி வாய்ப்பு 2.7 சதவீதம். முப்பத்தேழில் ஒன்று.

இடையில் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவை ஒட்டிக் கடலுக்கடியில் நிலம் பிளந்தது. அலை நாகப்பட்டினத்துக்கு வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரத்தில் கரையில் இருந்தவர்களுக்கு ஒரு சொல் வந்துசேரவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து வரப்போகும் ஒரு பாறையின் பாதையைக் கணக்கிட உலகில் ஆள் இருந்தது. அன்று காலையே வரப்போகும் அலையைப் பற்றி நாகை மீனவருக்குச் சொல்ல இந்தியப் பெருங்கடலில் ஓர் ஏற்பாடும் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல்தான் வந்தது.

அப்போது நான் இளம் உதவி ஆசிரியர். என்னையும் ஒரு புகைப்படக்காரரையும் நாகைக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்தவற்றை இங்கே எழுத மாட்டேன். அவற்றை வைத்துப் பின்னால் நான் செய்த காரியத்தைத்தான் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

நாங்கள் நாகையில் இருந்த நாட்களிலேயே அந்தச் சிறுகோளின் ஆபத்து நீங்கிவிட்டது. கிட் பீக்கில் ஸ்பேஸ்வாட்ச் தொலைநோக்கி 2004 மார்ச் 15-ல் எடுத்த பழைய படங்களில் அது மங்கலாகப் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பழைய புள்ளியைச் சேர்த்துக் கணக்கிட்டதும் கோடு சுருங்கி, பூமி வெளியே வந்துவிட்டது. 2029-ல் மோதல் இல்லை என்பது டிசம்பர் 27-லேயே முடிவான விஷயம். சென்னைக்குத் திரும்பி ஏஜென்சி செய்திகளைப் புரட்டியபோது இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

2005-ல் அதற்கு அபோபிஸ் என்று பெயர் வைத்தார்கள். எகிப்தியப் புராணத்தில் சூரியனை விழுங்க வரும் பாம்பின் பெயர். அப்போது நான் ஒரு வார இதழுக்கு மாறியிருந்தேன். அட்டைப்படக் கட்டுரை வேண்டும் என்றபோது நானே முன்வந்து இதைச் சொன்னேன். பாம்பின் பெயர், 13-ம் தேதி, வெள்ளிக்கிழமை, எல்லாம் ஒன்றாக அமைந்திருந்தன. அது கடலில் விழுந்தால் சுனாமியைவிடப் பெரிய அலை எழும் என்று எழுதினேன். பக்கத்தில் வைக்க நாகையில் எடுத்த படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். உண்மையில் அப்போது மிஞ்சியிருந்தது 2036 பற்றிய ஒரு சிறு சந்தேகம் மட்டுமே. 2029-ல் கடக்கும்போது சுமார் 600 மீட்டர் அகலமுள்ள ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்குள் நுழைந்து போனால் மட்டும், பூமியின் ஈர்ப்பு அதன் பாதையை வளைத்து 2036-ல் திரும்பக் கொண்டுவந்துவிடும். 2029 மோதல் நீக்கப்பட்டுவிட்டது என்ற தகவலைக் கடைசிப் பத்தியில், ‘என்றும் சொல்லப்படுகிறது’ என்று முடித்து வைத்தேன்.

அந்த இதழ் வந்த வாரம் வேறொரு வேலையாக நாகை போயிருந்தேன். பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் எங்கள் போஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது. தற்காலிகக் குடியிருப்பில், டிசம்பரில் நான் பேட்டி எடுத்த பெரியவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மனைவியையும் மகளையும் அலைக்குக் கொடுத்தவர். மகளின் பிள்ளை, மூன்று வயதுப் பேரன், அவர் மடியில் இருந்தான்.

“இருவத்தொம்போதுல திரும்ப வருதாமே தம்பி. அப்ப இவனுக்கு இருவத்தேழு வயசு ஆவும். கவர்மென்ட்டுல வூடு கட்டித் தாரோம்ங்கிறாங்க. கரையோரமா வாங்கலாமா, வேணாமா?”

“அதெல்லாம் ஒண்ணும் வராதுங்க ஐயா. பத்திரிகைக்காக எழுதறதுதான்.”

“வராதுன்னு தெரிஞ்சா எழுதுனீங்க?”

அவர் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டைப் பற்றி அவர் கேட்டதற்கு ஒழுங்கான பதில்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகாவது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. 2013 பிப்ரவரி 15 அன்று 2012 டிஏ14 என்ற சிறுகோள் பூமியின் தரையிலிருந்து 27,700 கி.மீ. தொலைவில் கடந்துபோனது. அது கடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். அதே நாள் காலையில், யாருமே எதிர்பாராமல், ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள வேறொரு கல் வெடித்தது. சூரியன் இருந்த பக்கத்திலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் அதைப் பார்க்கவில்லை. ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள். இரண்டும் வேறு வேறு பாதையில் வந்தவை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று அன்றே சொல்லிவிட்டார்கள். நான் இரண்டையும் ஒரே செய்தியில் சேர்த்து, ஒன்று மற்றொன்றை இழுத்து வந்ததுபோலப் படிப்பவர் நினைக்கும்படி எழுதினேன்.

அன்று எழுதியிருக்க வேண்டியது வேறு. செல்யாபின்ஸ்கில் காயமடைந்தவர்களில் பெரும்பாலோர் கண்ணாடியால் காயமடைந்தவர்கள். வானத்தில் பெரிய வெளிச்சம் தெரிந்ததும் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். வெளிச்சம் உடனே வந்துவிடும். வெடிப்பின் அதிர்வலை காற்றின் வழியே வந்துசேர ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆயிற்று. அது வந்து மோதியபோது முகம் ஜன்னலில் இருந்தது. அந்த ஊரில் ஓர் ஆசிரியை வெளிச்சத்தைக் கண்டதும் தன் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை மேசைகளுக்கு அடியில் போகச் சொன்னார். 44 பிள்ளைகளில் ஒருவருக்கும் கண்ணாடி படவில்லை. நின்றுகொண்டிருந்த அவர் கையில் வெட்டுக்காயம். வானத்தில் வழக்கமில்லாத பெரும் வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகித் தாழ உட்கார வேண்டும் என்று ஒரே ஒரு வரி. தமிழ் படிக்கும் லட்சக்கணக்கான பேருக்கு உயிருள்ள வரை பயன்படக்கூடிய வரி. ஏஜென்சி செய்தியில் அது இருந்தது. நான் விட்டுவிட்டேன்.

இதை எழுதும்போதுதான் என் குற்றத்தின் இன்னொரு பக்கம் எனக்கே தெளிவாகத் தெரிகிறது. வராத கல்லுக்குக் கூச்சல் போட்டதோடு நான் நிற்கவில்லை. உண்மையான இடைவெளி எங்கே இருக்கிறதோ அதைப் பற்றி மௌனமாக இருந்திருக்கிறேன். ஒரு கி.மீ.க்கு மேல் அகலமுள்ள, உலகையே பாதிக்கக்கூடிய சிறுகோள்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தைக் கண்டுபிடித்துப் பாதையும் போட்டாயிற்று. அவற்றில் எதுவும் அடுத்த நூறாண்டில் மோதும் பாதையில் இல்லை. ஆனால் 140 மீட்டருக்கு மேற்பட்டவை சுமார் 25,000 இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், அவற்றில் பாதியைக்கூட இன்னும் கண்டுபிடித்து முடிக்கவில்லை. ஒரு மாவட்டத்தையே அழிக்கக்கூடிய அளவு அது. 2019 ஜூலை 25-ல் 57 முதல் 130 மீட்டர் வரை இருக்கலாம் என்று கணித்த ஒரு சிறுகோள், 2019 ஓகே என்று பெயர், நிலவுக்கும் நமக்கும் உள்ள தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் புகுந்து போயிற்று. பிரேசிலில் ஒரு சிறு குழு அதைக் கண்டது கடப்பதற்கு ஒரு நாள் முன்புதான். ‘மயிரிழையில் தப்பிய பூமி’ என்று தலைப்புப் போட்டேன். ஏன் ஒரு நாளைக்கு முன்புவரை கண்ணில் படவில்லை, என்ன செய்தால் படும் என்று எழுதவில்லை.

என்ன செய்தால் படும் என்பதற்குப் பதிலும் இருக்கிறது. பல சிறுகோள்கள் கரியைப்போல் கறுத்தவை, சூரிய ஒளியை அதிகம் திருப்பி அனுப்பாதவை. ஆனால் வெயிலில் சூடாகி, வெப்பத்தில் ஒளிர்கின்றன. தரையிலிருந்து இரவில் மட்டும் பார்க்கும் தொலைநோக்கிகளால் சூரியன் இருக்கும் திசையில் தேட முடியாது. விண்வெளியில் வைத்து, அகச்சிவப்புக் கதிரில் பார்க்கும் ஒரு தொலைநோக்கி வேண்டும். நாசா அப்படி ஒன்றை, நியோ சர்வேயர் என்ற பெயரில், 2027-ல் ஏவத் திட்டமிட்டுக் கட்டிவருகிறது. அது பல ஆண்டு தாமதப்பட்ட திட்டம், அதற்குப் பணம் ஒதுக்குவதில் இழுபறி நடந்துகொண்டே இருந்தது. அந்த இழுபறியைப் பற்றித் தமிழில் நான் ஒரு வரி எழுதியதில்லை.

நம் ஊரில் நடந்த நல்ல வேலையையும் இதே போலத்தான் விட்டேன். 2020 ஆகஸ்ட் 16 அன்று 2020 க்யூஜி என்ற ஒரு சிறு கல், கார் அளவுதான் இருக்கும், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே தரையிலிருந்து 2,950 கி.மீ. உயரத்தில் கடந்தது. மோதாமல் கடந்தவற்றில் அன்றுவரை அதுதான் மிக அருகில் வந்தது. கலிஃபோர்னியாவின் பாலோமர் தொலைநோக்கி எடுத்த படங்களில் அந்தக் கீற்றைக் கவனித்தவர் ஐஐடி பம்பாயின் மாணவர் ஒருவர். நான் அதற்குக் கொடுத்த இடம் பக்கத்தின் அடியில் இரண்டு வரி. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் 1861-ல் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது, அதனாலேயே அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். சவ்வாதுமலையில் காவலூரிலிருந்து ராஜமோகனின் குழு 1988-ல் கண்டறிந்த சிறுகோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர். இவை இரண்டும் பூமியை நெருங்குபவை அல்ல, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றுபவை. ஆனாலும் சிறுகோள் என்றால் பயம் என்று மட்டும் கற்றுக்கொண்ட என் வாசகர்களுக்கு, நம் மண்ணிலிருந்து ஆட்கள் வானத்தைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று காட்ட இவற்றைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி 2020 ஏப்ரல். சொல்ல எனக்கு மிகவும் கூச்சமாக இருப்பது இதுதான். ஊரடங்கு. எல்லாரும் வீட்டுக்குள். ஆம்புலன்ஸ் சத்தத்தைத் தவிர தெருவில் வேறு சத்தம் இல்லை. அந்த மாதம் 29-ம் தேதி 1998 ஓஆர்2 என்ற சிறுகோள் கடக்க இருந்தது. ஏறத்தாழ இரண்டு கி.மீ. அகலம். தூரம் 63 லட்சம் கி.மீ., நிலவின் தூரத்தைப்போல் பதினாறு மடங்கு. 1998-லேயே கண்டுபிடித்து, இருபத்திரண்டு ஆண்டாகப் பாதையைப் பின்தொடர்ந்துவரும் சிறுகோள் அது. 140 மீட்டருக்கு மேல் இருந்து, பூமியின் பாதையிலிருந்து 75 லட்சம் கி.மீ.க்குள் வரக்கூடிய பாதை இருந்தால், எல்லாவற்றையும் ஒரு கண்காணிப்புப் பட்டியலில் சேர்ப்பார்கள். அந்தப் பட்டியலில் இதுவும் உண்டு. நான் எடுத்துக்கொண்டது பட்டியலின் பெயரையும் தேதியையும் மட்டும். பூமியை நோக்கி எரிந்துகொண்டு வரும் பாறையைப் படமாக வைத்து, தேதியைச் சிவப்பில் போட்டு, வீடியோ வெளியிட்டோம். எழுதிக் குரல் கொடுத்தது நான். தூரத்தை வீடியோவின் ஆறாவது நிமிடத்தில் சொன்னேன். அதுவரை யாரும் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாளில் ஓர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். எப்படியோ என் எண்ணை வாங்கியிருந்தார். “சார், எம் பையன் ஆறாவது படிக்கறான். உங்க வீடியோவப் பாத்ததுலேருந்து ராத்திரி தூங்கறதில்ல. டெய்லி ஸ்கூல் எப்போ திறக்கும், ஸ்கூல் எப்போ திறக்கும்னு கேட்டுட்டே இருந்தவன், இப்போ கேக்கறதே இல்ல சார்.”

மோதாதும்மா, பயப்பட ஒன்றுமில்லை, நிலவைவிடப் பல மடங்கு தூரத்தில் போய்விடும் என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. “இதையே வீடியோவுல சொல்லிடுங்களேன் சார், நான் சொன்னா அவன் நம்ப மாட்டேங்கறான்” என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அந்த வாரம் சேனலில் அதிகம் பார்க்கப்பட்டது அந்த வீடியோதான். மறுப்பு வீடியோ போட்டால் அதன் ஓட்டம் நின்றுவிடும். 30-ம் தேதி காலையும் நான் எதுவும் போடவில்லை. பையனுக்கு என் வாயிலிருந்து பதில் வரவே இல்லை.

ஏன் இப்படிச் செய்தேன் என்று என்னை நானே விசாரித்துப் பார்த்திருக்கிறேன். மேலே இருப்பவர்கள் கேட்டார்கள் என்று சொல்லலாம். கேட்டது உண்மைதான், ஆனால் நான் மறுத்திருந்தால் என் வேலை போயிருக்காது, ஒரு சின்ன முணுமுணுப்போடு முடிந்திருக்கும். மக்கள் இதைத்தான் விரும்பிப் படிக்கிறார்கள் என்றும் சொல்லலாம். 2022 செப்டம்பர் 26-ல் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே மோதி, அது தன் பெரிய துணையைச் சுற்றும் நேரத்தை 11 மணி 55 நிமிடத்திலிருந்து 32 நிமிடம் குறைத்தது. மனிதர்கள் ஒரு விண்பாறையின் பாதையை முதன்முதலாக மாற்றியது அன்றுதான். அதை ஒழுங்காக, முழுமையாக எழுதினேன். படித்தவர்கள் குறைவு. அதைப் பார்த்து, உண்மைக்கு வாசகர் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பதினெட்டு ஆண்டுகளாகப் பயத்தை மட்டும் கொடுத்துப் பழக்கியவனிடம் வேறு எதை எதிர்பார்த்து வருவார்கள் என்று யோசிக்கவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் என்னை அதிக காலம் ஏமாற்றியது. நாகைக் கரையில் ஒருவருக்கும் எச்சரிக்கை வரவில்லை என்பதைப் பார்த்தவன் நான். அதனால் நான் எழுதுவதெல்லாம் எச்சரிக்கை என்று நம்பிக்கொண்டேன். மிகையாகச் சொன்னாலும் பரவாயில்லை, சொல்லாமல் விடுவதுதான் பாவம் என்று மனத்துக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு அருகே மறுபடியும் பெரும் நிலநடுக்கம் வந்தபோது ஹைதராபாத் மையத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. தமிழகக் கடற்கரையில் ஜனங்கள் மேட்டுக்கு நகர்ந்தார்கள். அன்று மாலையே, பெரிய அலை இல்லை என்று உறுதியானதும், எச்சரிக்கையை விலக்கிக்கொண்டதாக அதே மையம் அறிவித்தது. எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும், எப்போது வீட்டுக்குத் திரும்பலாம், இவ்வளவும் அதில் இருந்தன. நான் எழுதியவற்றில் இவற்றில் ஒன்றும் இருந்ததில்லை. திரும்பலாம் என்று ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. என் வாசகர்களில் ஒருவர், ‘நீங்க எப்பவும் இப்படித்தான் போடுவீங்க, எதுவும் வந்ததில்ல’ என்று ஒய்ஆர்4 செய்தியின் கீழே எழுதியிருந்தார். அவர் சொன்னதில் தவறே இல்லை. நாளை ஒரு சிறுகோளுக்கு வாய்ப்பு ஏறிக்கொண்டே போய், இறங்காமல் நின்றுவிட்டால், ஓர் ஊரைக் காலி செய்யச் சொல்ல வேண்டி வந்தால், அவர் அப்போதும் இதையேதான் சொல்வார். அப்படிச் சொல்ல அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இணையத்தில் இன்னும் இருக்கும் என் பழைய கட்டுரைகளுக்குத் திருத்தம் சேர்க்கச் சொல்லி எழுதிக் கேட்டிருக்கிறேன். சிலவற்றில் சேர்த்தார்கள். அந்த வீடியோவை எடுத்துவிட்டார்கள். அச்சில் போனவற்றுக்கு வழியில்லை, அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

2024 ஒய்ஆர்4 2032-ல் பூமியில் மோதாது. 1998 ஓஆர்2 சொன்ன நாளில், சொன்ன தூரத்தில் போய்விட்டது, அதனால் ஆபத்து வரும் என்று யாரும் எப்போதும் கணித்ததில்லை. ஆறாவது படித்த அந்தப் பிள்ளை இப்போது பள்ளியையே முடித்திருப்பான். இதை அவன் படித்தால், அன்று அவன் அம்மா சொன்னதுதான் சரி.

நாகைப் பெரியவரின் பேரனுக்கு 2029 பற்றிச் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில் அபோபிஸ் 1.7 கோடி கி.மீ. தொலைவில் கடந்தபோது, கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலிருந்து ரேடார் அலையை அனுப்பி, அது எதிரொலித்து வந்ததை மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில் வாங்கி, அது இருக்கும் இடத்தை மிகத் துல்லியமாக அளந்தார்கள். 2029 மட்டுமல்ல, 2036, 2068 உட்பட அடுத்த நூறாண்டுக்கு அது மோதாது என்று முடிவானது. சராசரியாக 340 மீட்டர் அகலமுள்ள அந்தப் பாறை 2029 ஏப்ரல் 13 அன்று ஆஸ்திரேலியாவின் வானத்தில் தெரியத் தொடங்கி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஆப்பிரிக்காவின் மேலாக அட்லாண்டிக் பக்கம் போகும். நமக்கு மிக அருகே வரும் நேரம் இந்திய நேரப்படி 14-ம் தேதி விடியற்காலை சுமார் 3.16 மணி, நம் சித்திரை முதல் நாள். தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிற்கும் 36,000 கி.மீ. உயரத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். பூமியின் ஈர்ப்பு அதன் பாதையை அன்று அகலப்படுத்திவிடும், அதற்குப் பிறகு அது சூரியனைச் சுற்றிவர இப்போதைவிட அதிக நாள் பிடிக்கும். தமிழ்நாட்டிலிருந்து எந்தத் திசையில், எந்த மணிக்குப் பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பங்குனிக்குள் எழுதித் தருகிறேன். எண்களில் எது மாறினாலும், எந்தப் பக்கம் மாறினாலும், அன்றைக்கே எழுதுவேன்.